அப்பா கிழிக்காத காலண்டர் தாள்கள்

எங்கள் மந்தைவெளி வீட்டில் தினசரி காலண்டரைக் கிழிப்பது அப்பாவின் வேலை. ஐப்பசியில் அவர் காலமானார். 16ஆம் நாள் காரியம் முறைப்படி முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகும், காலண்டர் அவர் இறந்த தேதியிலேயே நின்றது. நான் கிழிக்கப் போனபோது, "இருக்கட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அம்மா தடுத்துவிட்டார். காரியங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எங்களை இடிந்து உட்காராமல் வைத்திருந்தவை அவைதான். ஆனால் அவற்றில் சாஸ்திரிகள் சொன்னதைச் செய்தோமே தவிர, அம்மா தாமாகச் செய்வதற்கென்று எதுவும் இருக்கவில்லை.

டிசம்பர் 26 அன்று காலையில் அம்மாவைப் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்கள் ஆண்டுதோறும் அன்று கடலில் பாலூற்றி, மலர் தூவி அஞ்சலி செலுத்துவது வழக்கம். பாலை ஊற்றிவிட்டுக் காலிச் செம்பை அலையிலேயே அலசிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். "வருஷா வருஷம் வந்துடுவேம்மா. இத ஊத்திட்டுப் போனாத்தான் அன்னிக்கு வேலையே ஓடும்" என்றார் அவர். அழுகை இல்லை, செம்பைப் பையில் போட்டுக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பிவிட்டார்.

அன்று மாலை அம்மா முதல் தாளைக் கிழித்தார். அதன் பின்பக்க வெற்றிடத்தில், அப்பா இரவு சாப்பிட்டதும் கேட்கும் அன்றாடச் செலவுக் கணக்கை எழுதினார்: பால், கீரை, அயர்ன்காரருக்குக் கொடுத்த பாக்கி. அதன்பின் நாளொன்றுக்குச் சில தாள்கள் கழிந்தன. கணக்கு இல்லாத நாட்களில், தண்ணீர் லாரி வராதது, மாடி வீட்டார் காலி செய்தது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கக்கூடிய செய்திகளை எழுதினார். நான் அவற்றை முழுதாகப் படிக்கவில்லை, படிக்கவும் கூடாது என்றே தோன்றியது.

போகிக்குள் காலண்டர் தீர்ந்தது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமானங்களே தாமதமானதிலிருந்து எங்கள் குடியிருப்பில் யாரும் பெரிதாக எரிப்பதில்லை. அம்மாவும் ஒரு வறட்டியின் மேல் அந்தத் தாள்களை மட்டும் வைத்துக் கொளுத்தினார். முதல் தாளை மட்டும் தனியே எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டார். மனசு வரவில்லையோ என்று நினைத்துக் கேட்டேன். "திவசத்துக்குத் திதி பார்க்க வேண்டாமா?" என்றார்.