பால் கணக்கை எக்செலிலிருந்து ஆக்சஸுக்கு மாற்ற விரும்புகிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே என் அப்பா சிறிய பால் சேகரிப்பு நிலையம் ஒன்றை நடத்தி வருகிறார். காலையும் மாலையும் 64 வீடுகளிலிருந்து பால் வருகிறது. லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பல்லாத திடப்பொருள்) ஆகிய மூன்றையும் அப்பா நோட்டில் எழுதுவார். இரவில் நான் அவற்றை எக்செலில் ஏற்றுவேன். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. எங்களிடம் கடனாக வாங்கிய தீவனத்தின் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறோம்.

போன மாதம் நான் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்திவிட்டேன். பெயர்கள் இடம் மாறின, லிட்டர் கணக்கு அதே இடத்தில் நின்றது, அப்படியே சேமித்தும் விட்டேன். நோட்டு இருந்ததால் இரண்டு இரவு உட்கார்ந்து சரிசெய்ய முடிந்தது. அது போக, ஒரே ஆளை ஒரு நாள் "வேலுச்சாமி" என்றும் மறுநாள் "வேலுசாமி" என்றும் அடித்திருக்கிறேன். கூட்டுத்தொகை இரண்டு ஆளாகப் பிரிந்து வருகிறது. இன்னொரு வேலுச்சாமியும் எங்கள் பட்டியலில் உண்டு.

எங்கள் கணினியில் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இருக்கிறது. திறந்து பார்த்தேன், வெற்றுத் திரையைக் கண்டு மூடிவிட்டேன். எத்தனை டேபிள் (அட்டவணை) வேண்டும், எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மொழியைக் கற்றே ஆக வேண்டுமா, பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாமா என்பவற்றைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1 (பொள்ளாச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்கர்)

அம்மணி, ஆக்சஸை இரண்டு நாள் திறக்க வேண்டாம். முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் நிலையத்தில் எதையெதைப் பற்றிக் கணக்கு வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பால் ஊற்றுகிற ஆட்கள், அவர்கள் ஒவ்வொரு வேளையும் ஊற்றிய பால், அவர்கள் வாங்கிய தீவனம் என்று மூன்றுதான் தேறும். மூன்றும் மூன்று டேபிள். எக்செலில் இந்த மூன்றையும் ஒரே தாளில் போட்டு வைத்திருப்பதால்தான் ஒவ்வொரு வரியிலும் பெயரைத் திரும்பத் திரும்ப அடிக்க நேர்கிறது. திரும்ப அடிக்கும் இடத்தில்தான் எழுத்து மாறுகிறது.

ஆட்கள் டேபிளில் ஆள் எண், பெயர், ஊர், கைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். ஆள் எண்தான் பிரைமரி கீ, அதாவது ஒரு எண் ஒருவருக்கு மட்டுமே. இரண்டு வேலுச்சாமிகளும் 17, 42 என்று பிரிந்துவிடுவார்கள். பெயரை அந்த டேபிளில் ஒரே ஒருமுறை எழுதுகிறீர்கள். தவறாக எழுதியிருந்தாலும் ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பட்டுவாடாச் சீட்டிலும் திருந்திவிடும். பால்வரவு டேபிளில் வரவு எண், ஆள் எண், நாள், வேளை, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., அன்றைய லிட்டர் விலை ஆகியவை வரும். அங்கே பெயர் வரவே கூடாது. தீவன டேபிளுக்கு ஆள் எண், நாள், பொருள், தொகை போதும். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் தம் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்த முறையின் அடிப்படை இதுதான். ஆக்சஸ் 1992-இல் அதைச் சாதாரண அலுவலக மேசைக்குக் கொண்டு வந்தது.

விலையை ஏன் ஒவ்வொரு வரியிலும் வைக்கச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். கொழுப்புக்கும் எஸ்.என்.எஃப்.-க்கும் ஏற்ற விலைப்பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். விலையைத் தனியாக ஓரிடத்தில் மட்டும் வைத்துக் கணக்கிட்டால், பட்டியல் மாறிய நாளில் முந்தின மாதச் சீட்டெல்லாம் புது விலைக்கு மாறிவிடும். அன்று கொடுத்த விலை அன்றைய உண்மை, ஆகையால் அதை அந்த வரியிலேயே எழுத வேண்டும். லிட்டரையும் விலையையும் பெருக்கி வரும் தொகையையோ எழுதி வைக்கத் தேவையில்லை, குவெரி, அதாவது டேபிள்களிடம் நாம் அமைத்துக் கேட்கும் கேள்வி, எப்போது கேட்டாலும் கணக்கிட்டுத் தரும்.

டேபிளை அமைக்கும்போது ஓரிடத்தில் மிகவும் கவனமாக இருங்கள். லிட்டருக்கு "நம்பர்" வகையைத் தேர்ந்தெடுத்தால் ஆக்சஸ் அதை "லாங் இன்டீஜர்" என்றே எடுத்துக்கொள்ளும். நீங்கள் 6.4 என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அங்கே 6 என்று நிற்கும். நாளெல்லாம் அப்படி ஏற்றினால் ஒவ்வொரு வீட்டுக்கும் பால் குறைந்துவிடும், அல்லது கூடிவிடும். கீழே உள்ள பண்புகளில் "ஃபீல்டு சைஸ்" என்பதை "டபுள்" அல்லது "டெசிமல்" என்று மாற்றுங்கள். டெசிமல் என்றால் "ஸ்கேல்" (தசம இடங்கள்) என்பதில் 2 என்றும் கொடுக்க வேண்டும். பணத்துக்கு "கரன்சி" வகை ஏற்றது. கைபேசி எண்ணை எழுத்து வகையாக வையுங்கள், அதைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை.

அடுத்து, "ரிலேஷன்ஷிப்ஸ்" சாளரத்தில் ஆட்கள் டேபிளின் ஆள் எண்ணை இழுத்து மற்ற இரண்டு டேபிள்களின் ஆள் எண்ணோடு இணைத்து, "என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி" என்ற கட்டத்தில் குறியிடுங்கள். அதன்பின் பட்டியலில் இல்லாத 65 என்ற எண்ணுக்குப் பால் ஏற்ற முயன்றால் ஆக்சஸ் ஏற்காது. பக்கத்திலேயே உள்ள "கேஸ்கேட் டெலீட்" கட்டத்தைத் தொடாதீர்கள். குறியிட்டிருந்தால், ஓர் ஆளை நீக்கும்போது அவர் ஊற்றிய பால் கணக்கு முழுவதும் கூடவே போய்விடும். ஆள் எண், நாள், வேளை மூன்றையும் சேர்த்து இரட்டிப்பு வராத இன்டெக்ஸ் ஒன்றும் அமைத்துவிட்டால், ஒரே வேளையை இரண்டு முறை ஏற்றும் பிழையும் தடுக்கப்படும்.

எஸ்.க்யூ.எல். இப்போது வேண்டாம். குவெரி டிசைன் சாளரத்தில் டேபிள்களைப் போட்டுத் தேவையான ஃபீல்டுகளை (பத்திகளை) தேர்ந்தெடுத்தாலே போதும்.

பதில் 2 (வேலந்தாவளத்திலிருந்து, பள்ளி ஆசிரியை)

ஐயா சொன்ன முறை அப்படியே லிப்ரெஆபீஸ் பேஸ் என்ற கட்டற்ற தரவுத்தள மென்பொருளுக்கும் பொருந்தும் என்பதால் இதை எழுதுகிறேன். கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி கற்கிறார்கள். உங்கள் வீட்டில் தம்பி தங்கை யாரேனும் படித்தால் லிப்ரெஆபீஸ் அவர்களுக்குக் கைப்பழக்கமாக இருக்கும், இரவுப் பதிவில் உதவுவார்கள். பேஸ் இலவசம், லினக்ஸிலும் ஓடும். ஆக்சஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆனால் ஆக்சஸ் கையில் இருக்கும்போது, தொடக்கநிலையில் இருக்கும் உங்களுக்கு அதன் ரிப்போர்ட் (சீட்டு அச்சிடும்) வசதி எளிது என்பதே என் எண்ணம்.

பெயர்களைத் தாராளமாகத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் யூனிகோடு முறையில் மட்டும் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது வேறு எழுத்துருவில் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. நம் பக்கத்தில் மலையாளத்தில் சீட்டு கேட்பவர்களும் இருப்பார்கள். ஆட்கள் டேபிளில் மலையாளப் பெயர் என்று இன்னொரு ஃபீல்டு சேர்த்தால் போதும்.

உங்கள் பழைய எக்செல் கோப்பை உடனே உள்ளே இழுக்காதீர்கள். முதலில் 64 பேருக்கும் எண் கொடுத்து, எக்செலில் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணை நிரப்பி, அதன்பின் இறக்குமதி செய்யுங்கள். ஒரு நாளைக்கு 128 வரி, வருடத்துக்கு 46,720 வரி. ஆக்சஸ் கோப்பின் உச்சவரம்பு 2 ஜி.பி., அதை நீங்கள் நெருங்கப் போவதில்லை. பட்டுவாடா நாளில் கோப்பை மூடிவிட்டு, தேதியிட்ட பெயரில் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கத் தவறாதீர்கள்.

கேள்வியாளர் மீண்டும்

இருவருக்கும் நன்றி. பத்து நாள் பால் ஏற்றிவிட்டேன், 6.4 ஒழுங்காக நிற்கிறது. பட்டுவாடாவுக்காக ஒரு குவெரியில் மூன்று டேபிளையும் போட்டு, பால் தொகைக்கும் தீவனத்துக்கும் கூட்டுத்தொகை கேட்டேன். 17-ஆம் எண்காரர் இரண்டு முறை, 1,250 ரூபாய்க்கும் 650 ரூபாய்க்கும் தீவனம் வாங்கியிருக்கிறார். குவெரியில் தீவனம் 38,000 ரூபாய் என்று வருகிறது! தீவனமே வாங்காத எட்டுப் பேர் பட்டியலிலேயே இல்லை. டேபிள்களைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

பதில் 3 (பொள்ளாச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்கர்)

பதிவில் பிழை இல்லை, நீங்கள் கேட்ட விதத்தில்தான் பிழை. புதிதாகக் கற்கிறவர்கள் பலரும் இங்கே தடுக்கி விழுவார்கள். 17-ஆம் எண்ணுக்குப் பால் வரி 20, தீவன வரி 2. மூன்று டேபிளையும் ஒரே குவெரியில் சேர்க்கும்போது ஒவ்வொரு பால் வரியோடும் ஒவ்வொரு தீவன வரியும் ஜோடி சேர்ந்து 40 வரியாகிறது. 1,900 ரூபாய் 20 முறை கூட்டப்பட்டு 38,000 ஆகிவிட்டது. பால் தொகையும் இரண்டு மடங்காக வந்திருக்கும், பாருங்கள்.

பாலுக்கு மட்டும் ஒரு கூட்டல் குவெரி அமையுங்கள்: நாள் வரம்பைக் கொடுத்து, ஆள் எண் வாரியாகத் தொகை. தீவனத்துக்கும் அதேபோல் தனியாக ஒன்று. இரண்டிலும் ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் வராது. மூன்றாவதாக ஒரு குவெரியில் ஆட்கள் டேபிளையும் இந்த இரண்டு குவெரிகளையும் போட்டு ஆள் எண்ணால் இணையுங்கள். இணைப்புக் கோட்டை இரட்டைச் சொடுக்கிட்டால் மூன்று தெரிவுகள் காட்டும். இரண்டு கோட்டிலும், ஆட்கள் டேபிளின் எல்லா வரிகளும் வர வேண்டும் என்ற தெரிவைக் குறியுங்கள். விட்டுப்போன எட்டுப் பேரும் வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தீவனத் தொகை பூஜ்யமாக இல்லாமல் வெற்றாக இருக்கும், வெற்றைக் கழித்தால் விடையும் வெற்றாகவே வரும் என்பதால் அந்த ஃபீல்டை "என்.இசட்." என்ற ஃபங்ஷனுக்குள் வைத்துப் பூஜ்யமாக்கிய பின் கழியுங்கள்.

முதல் பட்டுவாடாவுக்குச் சீட்டு அச்சிடுமுன், நோட்டிலிருந்து ஐந்து பேரின் கணக்கைக் கையால் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஐவரில் 17-ஆம் எண்ணும், தீவனம் வாங்காத ஒருவரும் இருக்கட்டும்.