அம்மாவின் ஆயிரம் ஸ்தோத்திரம்: மனசு ஒட்டாமல் வாய் மட்டும் சொன்னால் அது துதியா?

கொருக்குப்பேட்டை தையல்காரி கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வார்த்தையை எழுதும்போதே கை நிற்கிறது. என் கேள்வியே அதைப் பற்றித்தான்.

கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். ஒரே பையன், மூன்றாவது படிக்கிறான். எங்கள் அம்மா எங்களோடுதான் இருந்தார்கள். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாலு மாதம் படுக்கை. நவம்பர் மழையில், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு ராத்திரி, போய்விட்டார்கள்.

அம்மாவிடம் ஒரு சின்னப் புத்தகம் உண்டு. ஆயிரம் ஸ்தோத்திரம். உங்களில் பல பேர் வீட்டில் இருக்கும். வரிக்கு வரி கர்த்தருடைய ஒரு நாமம், இல்லை அவர் செய்த ஒரு காரியம், கடைசியில் ஸ்தோத்திரம். அட்டை எப்போதோ கிழிந்து, பழைய காலண்டர் தாளில் உறை போட்டு, தைல வாசனையோடு இருக்கிறது. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து, கட்டில் ஓரமாக முழங்காலில் நிற்பார்கள். நூறு ஸ்தோத்திரம் முடிந்தால் ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஹார்லிக்ஸ் மூடியில் போடுவார்கள். டக் என்று ஒரு சத்தம் கேட்கும். பத்து கொட்டை விழுந்ததும் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார்கள். சின்ன வயசிலிருந்து நான் கண் விழித்தது அந்தச் சத்தத்தில்தான்.

வாய் கோணிப்போன பிறகு "தோத்தி" என்றுதான் வரும். அதையும் விடவில்லை. கடைசி மூன்று வாரம் முதுகில் புண். புரட்டிப் படுக்கவைக்கும்போது கத்துவார்கள். கத்தி ஓய்ந்ததும் "தோத்தி". எனக்கு அதைக் கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கும். இந்த வேதனைக்கு எதற்கு ஸ்தோத்திரம் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே துடைத்துவிடுவேன்.

இப்போது அந்தப் புத்தகம் என்னிடம். அம்மா விட்ட இடத்திலிருந்து நான் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் நாலு மணிக்கு எழுந்தேன். "நோய்களையெல்லாம் குணமாக்குகிறவரே" என்ற வரி வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதற்கு மேல் வாய் சொல்கிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது. "தங்கள் உதடுகளினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், அவர்கள் இருதயமோ எனக்குத் தூரமாக விலகியிருக்கிறது" என்று ஏசாயாவில் இருக்கிறதே, அது என்னைத்தான் சொல்கிறதோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு அக்காவிடம் சொன்னேன். "கேட்கிறதை நிறுத்து, துதிக்க ஆரம்பி. துதிக்கிற வாயில் முறுமுறுப்பு இருக்கக் கூடாது" என்றார்கள். நல்ல மனுஷி. அம்மா படுத்திருந்த நாலு மாதமும் வாரத்துக்கு இரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்தவர். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்கு ஜெபமே வரவில்லை. அழுதால் முறுமுறுப்பு, அழாமல் துதித்தால் பொய். நான் எங்கே போவது?

இதற்கு நடுவில் பையன் கேட்கிறான்: "ஏம்மா, அவரு பெரியவருன்னு அவருக்கே தெரியாதா? ஆயிரம் தடவ சொல்லணுமா?" பதில் தெரியாமல், போய்ப் படிடா என்றுவிட்டேன். எனக்கும் அதே கேள்விதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாக்குவாதத்துக்காகக் கேட்கவில்லை.

எண்ணூர் சகோதரி:

தங்கச்சி, நீ எழுதினதைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எங்கள் பக்கம் தண்ணீரோடு கழிவு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கருப்புக் கோடு. வலை, படகு எல்லாம் பிசுபிசு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் கால் வெளுக்கவில்லை. அந்தக் காலோடு நின்று ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தோம். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று வருகிற இடத்தில் என் மாமியார், "முகத்துவாரத்தில இறால் இல்லாமப் போனாலும்" என்று சேர்த்துச் சொன்னார்கள். அடுத்து "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று வரும். யாருக்கும் சந்தோஷம் பொங்கவில்லை. ஆனாலும் சொன்னோம்.

"ஸ்தோத்திரபலியிடுகிறவன் என்னை மகிமைப்படுத்துகிறான்" என்று சங்கீதம் 50:23. பலி என்றால் வலிக்கும் தங்கச்சி. மனசு வராத நாளில் சொல்கிற ஸ்தோத்திரம்தான் பலி. நீ நிறுத்தாதே, சொல்லிக்கொண்டே இரு.

பெரம்பூர் பெரியவர்:

மகளே என்று கூப்பிடுகிற வயது எனக்கு. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் பாடம் எடுக்கிறேன். உன் பையன் கேட்ட கேள்வியை வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்கும். அவனைத் திட்டாதே.

எண்ணூர் சகோதரி காட்டிய அதே 50-ஆம் சங்கீதத்தைப் பையனோடு உட்கார்ந்து முழுசாக வாசி. 12-ஆம் வசனத்தில் கர்த்தர், "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகள்" என்கிறார். அவருக்குப் புகழ்ச்சிப் பசி கிடையாது. நாம் சொல்லித்தான் அவர் பெரியவர் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பையனுக்கு முதல் பதில் இதுதான்: ஆமாண்டா, அவருக்குத் தெரியும். மறந்துபோகிறவர்கள் நாம்.

அப்புறம் 15-ஆம் வசனம். இதை நீ கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். "ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன், நீ என்னை மகிமைப்படுத்துவாய்." கூப்பிடுவதும் மகிமைப்படுத்துவதும் ஒரே வசனத்துக்குள் இருக்கிறது. கூப்பிடாதே, மகிமைப்படுத்து என்று பிரித்துச் சொல்லவில்லை. இக்கட்டில் உன் வாய் யாரைக் கூப்பிடுகிறதோ அவரைத்தான் நீ தேவன் என்று ஒத்துக்கொள்கிறாய். உன் அழுகை அவரிடம் போனால் அதுவே அவருக்கு மகிமை. அந்த அக்கா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அந்த வார்த்தையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தைப் பார். "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்பதே ஒரு விண்ணப்பம்தான். அதே மூச்சில், "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." சோறு கேட்பதை அவர் கீழான ஜெபம் என்று ஒதுக்கவில்லை.

சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெயர் வைத்த பெயர் தெஹில்லீம், அதாவது துதிகள். அந்தத் துதிப் புத்தகத்துக்குள்தான் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டு, ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் துதிகள் என்ற பெயருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். 22-ஆம் சங்கீதம், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்குகிறது. இயேசு சிலுவையில் சொன்னது அதைத்தானே. அவர் சொன்னதை முறுமுறுப்பு என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்று. நீ பயந்த ஏசாயா வசனத்தில் "கனம்பண்ணுகிறார்கள்" என்று இருக்கிறது. எபிரெயத்தில் மகிமைக்கு காபோத் என்று சொல்வார்கள். கனமாக இருப்பது, எடை, என்பதுதான் அதன் வேர். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளையிலும் அதே வேர்ச்சொல். நம்முடைய கனம் என்ற சொல்லிலும் மரியாதையும் எடையும் சேர்ந்தே இருப்பதை நினைத்து நான் பல நாள் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். பட்டறையில் இருந்தவனுக்கு எடை தெரியும். வெறும் பெட்டியில் ஸ்பிரிங் அசையாது. ஆள் ஏறினால்தான் அமுங்கும், முனகும். நாலு மாதம் உன் அம்மாவைப் புரட்டிப் போட்டாயே, அந்த எடையை உன் இடுப்பு தாங்கியதே, அந்தக் கட்டளையைக் கையால் செய்தவள் நீ. உதடு மட்டும் கனம்பண்ணி இருதயம் தூரமாய்ப் போனவர்கள் என்று ஏசாயா சொன்னது உன்னை இல்லை. தூரமாய்ப் போனவளுக்குத் தொண்டை அடைக்காது.

என் மனைவி 2011-இல் போனாள். காசிமேடு கல்லறையில் மண் போடும்போது, எல்லாவற்றையும் இழந்த யோபுவின் வசனத்தை வாசித்தார்கள்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." எல்லாரும் ஆமென் என்றார்கள். என் வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷம் ஆராதனையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருக்கிறவர் கீர்த்தனைப் புத்தகத்தை என் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு அவர் மட்டும் பாடுவார். ஒரு நாளும் பாடு என்று சொன்னதில்லை. யோபு முதல் அதிகாரத்தில் ஸ்தோத்திரம் சொன்னார், மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபித்தார். கடைசியில் கர்த்தர் நிதானமாய்ப் பேசினவன் என்று சொன்னது யாரை? யோபைத்தான், சமாதானம் சொல்ல வந்த சிநேகிதர்களை இல்லை. இதை அந்த இரண்டு வருஷத்தில்தான் கண்டுபிடித்தேன்.

எண்ணூர் சகோதரி சொன்னது போல நீயும் சொல்லிப் பார். முடியாத நாளில் அம்மாவின் "தோத்தி" போதும்.

ராயபுரம் ஜெபமாலை:

சகோதரி, நான் கத்தோலிக்கப் பெண். படகுக்காரர்கள் கட்டிய புனித பேதுரு கோவில்தான் எங்கள் பங்கு. நான் இங்கே நடுவில் பேசலாமா என்று யோசித்தேன். உங்கள் அம்மாவின் புளியங்கொட்டை என்னைப் பேசவைத்துவிட்டது.

என் பாட்டியின் ஜெபமாலையில் ஒரு மணி உடைந்து, அந்த இடத்தில் நூலால் முடிச்சுப் போட்டிருக்கும். விரல் அந்த முடிச்சுக்கு வந்ததும் பாட்டி ஒரு நொடி நிற்பார்கள். அதில் யாருக்கு வேண்டிக்கொண்டார்கள் என்று கடைசி வரை எனக்குச் சொல்லவில்லை. நாங்கள் ஒவ்வொரு பத்து மணியும் முடிந்ததும் "பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக" என்று சொல்வோம். செவ்வாயும் வெள்ளியும் துயர மறை உண்மைகள், அதாவது ஆண்டவர் பட்ட பாடுகளைத் தியானிப்பது. ஆண்டவரைச் சாட்டையால் அடித்ததைத் தியானித்துப் பத்து மணி, உடனே மகிமை. முள்முடி வைத்ததை நினைத்துப் பத்து மணி, உடனே மகிமை. அவர் இரத்தம் வடிகிற இடத்தில் நின்றுதான் அந்த வார்த்தையைச் சொல்கிறோம். உங்கள் அம்மா கத்தி ஓய்ந்ததும் "தோத்தி" என்றார்களே, எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

மனசு ஒட்டாமல் சொல்கிற நாள் எனக்கும் நிறைய. அன்றைக்கு விரலாவது ஜெபிக்கட்டும் என்று மணியைத் தள்ளுவேன்.

கொருக்குப்பேட்டை தையல்காரி:

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. பெரியவர் ஐயா, உங்கள் பதிலை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அதிகம் பேச மாட்டார். "அந்த ஸ்பிரிங் விஷயத்தை இன்னொரு வாட்டி படி" என்றார். ராயபுரம் அக்கா, இங்கே பேச நீங்கள் யோசிக்கவே வேண்டாம். அந்த முடிச்சு என் மனசிலேயே நிற்கிறது.

பையனோடு 50-ஆம் சங்கீதம் வாசித்தோம். "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்ற இடத்தில், "அப்போ அவருக்குப் பசிக்காதா?" என்றான். பசிக்காது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ ஆயா சும்மா பேசிக்கினு இருந்தாங்க அவருகிட்ட" என்றான். ஆமாம் என்றேன். எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியவில்லை.

இன்றைக்கு நாலு மணிக்கு எழுந்தேன். முதலில் புத்தகத்தைத் திறக்கவில்லை. முழங்காலில் நின்று, இத்தனை மாதமாகக் கேட்காததைக் கேட்டேன். அம்மா முதுகு வலியில் கத்தினபோது நீர் எங்கே இருந்தீர் என்று வாய்விட்டே கேட்டேன். பையன் எழுந்துவிடுவானோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்ட பிறகு அந்த இடத்தை விட்டு எழுந்து போகத் தோன்றவில்லை.

அப்புறம்தான் திறந்தேன். அம்மா சில வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டிருக்கிறார்கள், இவ்வளவு நாள் நான் கவனிக்கவே இல்லை. "நோய்களையெல்லாம் குணமாக்குகிறவரே" என்ற வரிக்குப் பக்கத்திலும் கோடு இருக்கிறது. நடுங்கின கோடு, இடது கையால் போட்டது. அப்படியானால் படுக்கையில் விழுந்த பிறகு போட்டதுதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிக்குத் திரும்பிப் போய் மெதுவாகப் பதினொன்று சொன்னேன். பன்னிரண்டாவதில் லாரி ஹார்ன் கேட்டது, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

புளியங்கொட்டை எதுவும் போடவில்லை. பக்கத்தை மடிக்காமல் அம்மாவின் பழைய ஹேர்பின் ஒன்றை அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன், பன்னிரண்டாவது வரியில்.