லினோகட்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். ஓவிய ஆசிரியர் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிபில் ஆண்ட்ரூசின் 'ஸ்பீட்வே' (1934) படத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும். சின்னப் படம்தான், மூன்று மோட்டார் சைக்கிள்காரர்கள் சீறி வருகிறார்கள். லினோலியப் பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தது; ஆங்கிலத்தில் லினோகட். லினோகட் என்றே விடலாமா? இன்னொன்று: அவர் இங்கிலாந்தில் பிறந்து, 1947இல் கனடா போனவர். புலம்பெயர்ந்த ஓவியர் எனலாமா?
க.

> லினோகட் என்றே விடலாமா?
விடக் கூடாது. லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் கலந்து சணல் துணிமேல் படியவைத்த தரைவிரிப்பு. லத்தீன் மூலத்திலும் ஆளியும் எண்ணெயும்தான். ஆகவே 'ஆளிநெய்ச் செதுக்கச்சு'.
மு.

ஐயா, ஆளி என்றால் பிள்ளைகள் கோயில் தூணிலுள்ள யாளியைத்தான் பார்ப்பார்கள். பொருநராற்றுப்படையின் 'ஆளி நன்மான்' இருக்கிறதே! 'பொளியச்சு' எப்படி? அம்மி பொளிகிறோமே.
செ.

> பொளியச்சு
பொளிவது பலகையை, அச்சையல்ல. வினைத்தொகை நிற்காது.
மு.

ஆடரங்கில் அரங்கா ஆடுகிறது?
செ.

நான் அச்சு போடுகிறவன். பட்டறையில் லினோ என்றுதான் சொல்கிறோம். பொளிதல் கல்லுக்கு. லினோவுக்குக் கையழுத்தமே போதும், கொஞ்சம் சூடு காட்டினால் வெண்ணெய் மாதிரி வெட்டும். லண்டன் குரோவ்னர் ஓவியப் பள்ளியில் ஆசிரியர் கிளாட் ஃபிளைட் இதைப் பிடித்துக்கொண்டதே மலிவு, மரம்போல ரேகை ஓடாது, யாரும் செய்யலாம் என்பதால்தான். ஆண்ட்ரூஸ் அங்கே செயலாளர் வேலை பார்த்தபடியே கற்றவர். கோட்டுக்கெனத் தனிப் பலகை கிடையாது; நிறத்துக்கொரு பலகை, ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றுவார்கள். செதுக்கலைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள், ஒற்றுவதை யாரும் கேட்கவில்லையே?
தி.

டொராண்டோவிலிருந்து: புலம்பெயர்ந்தவர் என்றால் எங்களுக்குப் போரும் சேர்ந்தே வரும். ஆண்ட்ரூஸ் கப்பல் கட்டும் தளத்தில் சந்தித்த கணவரோடு கனடா போய், கேம்பல் ரிவர் ஊரில் வீடு போட்டவர். குடியேறியவர் என்று எழுதுங்கோ.
ந.

பட்டினப்பாலையில் 'புலம்பெயர் மாக்கள்' புகாரில் 'கலந்து இனிது' உறைகிறார்கள், அம்மா. எந்தப் போரும் இல்லை.
மு.

பட்டினப்பாலைக்கு இப்போது யார் உரை கேட்டது?
செ.

சரி. 'லினோ அச்சு', 'கனடாவில் குடியேறிய ஓவியர்'. பெரும்பாலோர் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள், சிலர் அலுப்பில். மு. ஐயாவின் ஆளிநெய் அடிக்குறிப்பில் வரும்.
க.

அடிக்குறிப்பு வேண்டாம். வைத்தால் தலைப்பில் வையுங்கள். அப்புறம், புணர்ச்சிப்படி அது 'லினோவச்சு'.
மு.