புதுப்பிப்பு: மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு அம்மாவுக்கு டென்ஸ் கருவி

தண்டையார்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு, காலை மடக்கும் பயிற்சியில் வலி தாங்கவில்லை, டென்ஸ் கருவி (தோலில் ஒட்டும் பேட் வழியாக லேசான மின்சாரம் செலுத்தி வலியைக் குறைக்கும் கருவி) உதவுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

உதவியது. ஆனால் முதல் வாரம் நாங்கள் வைத்த விதம் தப்பு. அம்மா படுத்திருக்கும்போது அரை மணி நேரம் வைத்துவிட்டு, கழற்றிய பிறகு பயிற்சி செய்ய வைத்தோம். கருவி ஓடும்போதுதான் வலி நன்றாகக் குறையும், அதனால் பயிற்சியின்போதே போடுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு, தையலைத் தொடாமல் முட்டிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு பேட் ஒட்டினோம். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 மின்துடிப்பு. சுருக்கென்று குத்தாமல், பலமாகக் குறுகுறுக்கும் அளவு. கொஞ்ச நேரத்தில் அது பழகிவிடும், அப்போது ஒரு படி ஏற்ற வேண்டும்.

எதிர்பாராதது: பேட் ஒட்டவே இல்லை. அம்மா காலில் தினமும் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்! சோப்பு போட்டுக் கழுவித் துடைத்ததும் சரியானது. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருந்ததால் அங்கே ஒட்டவில்லை.

மாத்திரையை நிறுத்தவில்லை, ஐஸ் ஒத்தடமும் தொடர்கிறது. இரவு வலிக்கு இதில் பெரிய பலன் தெரியவில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். நேற்று அம்மா பிடிமானம் இல்லாமல் வாசல்வரை நடந்தார்.