தட்டிலிருந்து ஓடிப்போன புழுக்கள் எத்தனை?

உச்சிவெயில்: "தீனியை நிறுத்தினால் புழுவின் ஆயுள் கூடும், ஆய்வுக்கூடத்திலேயே நிரூபித்தாகிவிட்டது" என்று ஆறாம்விரல் நேற்று முழங்கியிருந்தார். தட்டிலிருந்து ஓடிப்போனவை எத்தனை என்று கேட்டேன். ஆளைக் காணோம்.

ஆறாம்விரல்: தூங்கப் போயிருந்தேன், ஐயா. சி. எலிகன்ஸ் என்ற அந்த ஆய்வகப் புழு 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வாழும். ஈட்-2 மரபணு பழுதானால் தொண்டை மெதுவாகத் துடிக்கும், விழுங்குவது குறையும். அவை கூடுதல் நாள் வாழ்கின்றன என்பது 1998இலேயே வந்த செய்தி.

உச்சிவெயில்: நான் ஈட்-2 பற்றிக் கேட்கவில்லை. புழுவின் தீனியான பாக்டீரியாவே இல்லாத தட்டைப் பற்றிக் கேட்டேன். பசித்த புழு அங்கே சும்மா கிடக்காது. தட்டிலுள்ள அகார் கூழைத் தாண்டிப் பிளாஸ்டிக் சுவரில் ஏறும், அங்கேயே காய்ந்து நூல்போல ஒட்டிக்கொள்ளும். அதைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, மிச்சத்தை எண்ணி ஆயுள் கூடியது என்பீர்கள். எத்தனை ஓடின?

ஆறாம்விரல்: விலக்குவது என்றால் அழிப்பதில்லை. காணாமல் போன நாள்வரை அந்தப் புழு உயிரோடு இருந்ததாகக் கணக்கில் நிற்கும். இது பாலபாடம்.

உச்சிவெயில்: பாலபாடம் எனக்கா? மூன்று ஆண்டு தட்டு பார்த்தவன் நான். பிளாட்டினம் கம்பியால் தலையை மெல்லத் தொட வேண்டும். அசையாவிட்டால் செத்தது என்று எழுத வேண்டும். சில கிழடுகள் மூன்றாம் தொடலுக்குத்தான் மூக்கை லேசாகத் திருப்பும். நீங்கள் கம்பியைப் பிடித்ததுண்டா?

வெண்கலமணி: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தீனியாகப் போடும் ஈ.கோலி பாக்டீரியாவே கிழப்புழுவின் தொண்டையில் பெருகி அதைக் கொல்கிறது. புற ஊதாக் கதிரால் கொன்ற பாக்டீரியாவைப் போட்டாலும் ஆயுள் நீள்கிறது. அப்படியானால் பட்டினியின் பலனா, அந்தக் கிருமி இல்லாததன் பலனா?

ஆறாம்விரல்: தீனியைக் கிருமி என்கிறீர்களே!

வெண்கலமணி: கொன்றால் கிருமிதான்.

ஆறாம்விரல்: பாக்டீரியா என்று எழுதினால் கை சுளுக்கிவிடுமா?

உச்சிவெயில்: சொல்லாராய்ச்சி அப்புறம். சுவரில் ஏறியவை எத்தனை?

கரிக்கோல்: போன மாதம் எலி விவாதத்திலும் இவர் இப்படித்தான். 1935இல் மெக்கே எலிகளுக்குத் தீனியைக் குறைத்து ஆயுளைக் கூட்டினார் என்று எழுதினேன். கூண்டுக்கு எத்தனை எலி என்று நாற்பது முறை கேட்டார்.

உச்சிவெயில்: பதினொரு முறை. நீங்கள் ஒரு முறையும் பதில் சொல்லவில்லை.

கரிக்கோல்: எண்ணி வைத்திருக்கிறீர்களா?

உச்சிவெயில்: எண்ணுவதுதான் என் தொழில். ஆறாம்விரல், உயிருள்ள பாக்டீரியா போட்ட தட்டில் ஓடியவை எத்தனை, வெறும் தட்டில் ஓடியவை எத்தனை? இரண்டே எண்கள்.

ஆறாம்விரல்: கட்டுரையின் அட்டவணையில் இருக்கும், பாருங்கள்.

உச்சிவெயில்: "இருக்கும்" என்கிறீர்கள். அப்படியானால் நீங்களே பார்க்கவில்லை.

வெண்கலமணி: என் கேள்விக்கும் யாராவது பதில் சொல்வீர்களா?

ஆறாம்விரல்: முதலில் கிருமி என்பதைத் திருத்துங்கள், பிறகு பார்க்கலாம்.