ஜிங்க் 3டி எலக்ட்ரானுக்கு 10.05 வருது, விடையில் 8.85. எங்கே தப்பு?

கேள்வி:
ஸ்லேட்டர் விதிப்படி (மற்ற எலக்ட்ரான்கள் அணுக்கருவை எவ்வளவு மறைக்குதுன்னு தோராயமா கணக்கிடும் விதி) ஜிங்க்கின் 3டி எலக்ட்ரானுக்குச் செயலுறு அணுக்கரு மின்சுமை, அதாவது அந்த மறைப்பு போக மிஞ்சுவது, கண்டுபிடிக்கணும். மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். கூட இருக்கிற 9 டி எலக்ட்ரானுக்கு 9 × 0.35 = 3.15. 3எஸ், 3பி-யில் உள்ள 8-க்கு 8 × 0.85 = 6.80. அதற்கும் உள்ளே 10-க்கு 10. மொத்தம் 19.95, அணு எண் 30-இல் கழிச்சா 10.05. வெளியே இருக்கிற 4எஸ்-ஐச் சேர்க்கலை. அதுதான் தப்பா?

பதில்:
4எஸ்-ஐ விட்டது சரிதான். தப்பு 0.85-இல் இருக்கு. அந்த எண், எஸ் அல்லது பி எலக்ட்ரானுக்குக் கணக்குப் போடும்போது மட்டும்தான் வரும். டி எலக்ட்ரானுக்கு, உள்ளே இருக்கிற 18-ம் தலா 1. ஆக 3.15 + 18 = 21.15, மீதி 8.85.

கேட்டவர்:
விடை வந்துடுச்சு, நன்றி. ஆனா 3எஸ், 3பி, 3டி எல்லாம் ஒரே கூடுதானே? ஏன் முழு 1?

பதில்:
எஸ் எலக்ட்ரான் அணுக்கரு வரைக்கும் ஊடுருவும், பி கொஞ்சம் குறைவு, டி ரொம்பக் குறைவு. உள்ளே நுழையாததால், உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் டி-யிடமிருந்து அணுக்கருவை ஏறக்குறைய முழுசா மறைச்சிடும். 1930-இல் ஸ்லேட்டர் இதைத்தான் தோராயமா 1 என்று வைத்தார்.

கேட்டவர்:
அப்போ இன்னொன்று. 4எஸ் முதலில் நிரம்புது, ஆனா அயனியாகும்போது அதுவே முதலில் போகுது. இது எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

பதில்:
நல்ல கேள்வி. இதே விதியை வைத்தே பார்க்கலாம். பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரானை 3டி-யில் வைத்தால் 19 − 18 = 1.00, 4எஸ்-இல் வைத்தால் 2.20. அதனால் 4எஸ். ஸ்கேண்டியத்தில் இரண்டுக்குமே 3.00! மின்சுமை சமம், ஆனா 3டி அணுக்கருவுக்குக் கிட்டே இருப்பதால் அதன் பிடிப்பு இறுக்கம். அங்கிருந்து ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு புரோட்டானும் ஒரு டி எலக்ட்ரானும் கூடுது. அந்த எலக்ட்ரான் 4எஸ்-க்கு 0.85 மறைக்குது, லாபம் 0.15தான். இன்னொரு 3டி-க்கு 0.35 மட்டுமே மறைக்குது, லாபம் 0.65. ஜிங்க் வரும்போது 4எஸ் 4.35, 3டி 8.85. எது முதலில் கழன்று வரும்னு நீங்களே சொல்லுங்க. (குரோமியம், காப்பரில் 4எஸ்-இல் ஒரே எலக்ட்ரான்தான், அங்கே எண்கள் கொஞ்சம் மாறும்.)

கேட்டவர்:
4எஸ்தான்! இரும்புக்கும் போட்டேன்: 4எஸ் 3.75, 3டி 6.25. சரியா?

பதில்:
சரி, இரண்டுமே.