வேதனா: ‘நுகர்ச்சி’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பௌத்தம் மனத்தை எப்படிப் பார்க்கிறது என்பதை ஒரு சனி, ஞாயிறில் சொல்லித்தரப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். மனிதனைப் பௌத்தம் பிரித்துப் பார்க்கும் ஐந்து கூறுகளான ஐந்து கந்தங்களில் இரண்டாவது ‘வேதனா’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடுவதிலேயே வேலை நின்றுவிட்டது. இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: வேதனை, உணர்ச்சி, உணர்வு, அனுபவம், துய்ப்பு, நுகர்வு. நான் ‘நுகர்ச்சி’ பக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் பிசகினால் அடுத்து வரும் பாடமெல்லாம் பிசகும்.

முதலில் பொருள். பாலி நூல்களில் வேதனா என்பது கோபமோ பாசமோ அல்ல. கண், காது போன்ற வாயில் ஒன்றில் ஒரு பொருள் வந்து படுகிறது. அந்த நொடியிலேயே அது இனிதாகவோ இன்னாததாகவோ இரண்டும் இல்லாமலோ படுகிறது. அவ்வளவுதான் வேதனா. மனத்தை ஆராயும் பௌத்த நூல்தொகுதியான அபிதம்ம மரபு எண்ணும் 52 சேதசிகங்களில் (மனத்தோடு கூடவரும் கூறுகளில்) எந்தச் சித்தத்தோடும் (அறியும் மனத்தோடும்) தவறாமல் கூடவரும் ஏழில் இதுவும் ஒன்று. கோபம் அதே பட்டியலில் ‘தோசம்’ என்று வேறிடத்தில் நிற்கிறது. எல்லாச் சித்தத்திலும் அது வராது.

அதனால்தான் ‘உணர்ச்சி’ வேண்டாம் என்கிறேன். ‘உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்’ என்று நாளும் எழுதும் மொழியில், அந்தச் சொல்லைக் கேட்டதும் மாணவர் கோபத்தையும் அழுகையையும்தான் தேடுவார். ‘வேதனை’ அதைவிட மோசம். மூலச் சொல்லே அதுதான் என்றாலும், ‘இன்ப வேதனை’ என்று பலகையில் எழுதினால் வகுப்பு சினிமாப் பாட்டுக்குப் போய்விடும். ‘அனுபவம்’ எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. இருபது வருட வேலைக்கும் அதுதான் பெயர். ‘துய்ப்பு’ நல்ல சொல், ஆனால் இன்பத்தின் பக்கமே சாய்கிறது.

‘உணர்வு’ என்ற சொல்லுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. மணிமேகலையின் கடைசிக் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பன்னிரண்டு நிதானங்களை, அதாவது ஒன்றிலிருந்து ஒன்று தோன்றும் காரணக் கண்ணிகளை, மணிமேகலைக்குச் சொல்கிறார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். இதில் உணர்வு என்பது விஞ்ஞாணம், அதாவது பொருளை அறியும் அறிவு. அதை எடுத்து வேதனாவுக்குக் கொடுத்தால் விஞ்ஞாணத்துக்கு நாம் எங்கே போவது?

அதே காதை ஐந்து கந்தங்களை ‘உருவு நுகர்ச்சி குறிப்பே பாவனை உள்ள அறிவு’ என்று அடுக்குகிறது. வேதனாவின் இடத்தில் இருப்பது நுகர்ச்சி. வேட்கைக்கு அது தரும் இலக்கணம் என்னை உட்காரவைத்துவிட்டது: ‘வேட்கை விரும்பி நுகர்ச்சி ஆராமை’. நுகர்ந்தது போதும் என்று ஆகாமல் இருப்பதே வேட்கை. வேதனாவிலிருந்து தண்ஹா (வேட்கை) பிறக்கிறது என்ற கண்ணியை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? இப்படி ஒரு சொல் நம்மிடமே இருக்க, புதிதாக ஒன்று செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பொருளும் நன்றாகவே பொருந்துகிறது. அபிதம்ம நூலுக்கான அட்டசாலினி என்ற பாலி உரையில் ஓர் உவமை உண்டு. சமையற்காரன் உணவில் ஒரு துளி எடுத்து ருசி பார்க்கிறான். அரசன் முழுதாக உண்கிறான். மற்ற சேதசிகங்கள் அந்தச் சமையற்காரனைப் போலப் பொருளைத் தொட்டுப் பார்க்கின்றன. வேதனாதான் அதன் சுவையை அரசனைப் போல முழுதும் கொள்கிறது. நுகர்தல் என்பதும் இதுதானே? அதோடு, வினைப்பயனை நுகர்தல் என்று நல்லது கெட்டது இரண்டுக்கும் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

நுகர்வு என்றாலே நுகர்வோர் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும் என்று இந்த இழையில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கவலை. அதனால்தான் காவியத்தில் இரண்டு வடிவமும் இருந்தும் ‘-ச்சி’ வடிவத்தை எடுக்கிறேன். கடை, விலை, பொருளாதாரமெல்லாம் நுகர்வு, நுகர்வோர் என்பதோடு ஒட்டிக்கொண்டன. நுகர்ச்சி இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை. மூக்கால் நுகர்வது என்ற குழப்பத்தை முதல் வகுப்பில் ஒரு வரி சொல்லித் தீர்க்கலாம்.

சொல்லைப் பயிற்சியில் வைத்துப் பார்ப்போம். சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறோம், முழங்கால் வலிக்கிறது. அங்கே பட்டது ஊறு. அது இன்னாததாகப் படுவது துன்ப நுகர்ச்சி. ‘இது வலி’ என்று அடையாளம் காண்பது மூன்றாவது கந்தமான குறிப்பு. ‘எப்போது மணி அடிப்பார்கள்’ என்ற தவிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. அம்பு பட்டவன்மேல் இரண்டாவது அம்பும் பாய்வதாகப் புத்தர் சொன்னாரே, அது இந்தத் தவிப்பு. நுகர்ச்சியையும் தவிப்பையும் தனித்தனியாகக் காட்டத்தான் இந்த வகுப்பே. ‘துன்ப உணர்ச்சி’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அப்புறம் மூன்றாவது வகை. இன்பமும் துன்பமும் அல்லாததை ‘சமநிலை’ என்று எழுதியிருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டும். சமநிலை என்பது வளர்த்துக்கொள்ள வேண்டிய குணம். பாலியில் இரண்டுக்கும் ‘உபேக்கா’ வருவதால் வந்த வினை இது. இரண்டுமற்ற நுகர்ச்சியில் மறைந்து கிடப்பது அறியாமை என்கிறது மரபு. புத்தர் காலத்துப் பிக்குணி தம்மதின்னா தேரி, விசாகர் என்ற இல்லறத்தாருக்குச் சொன்ன பதிலில், அதை அறிந்தால் இன்பம், அறியாவிட்டால் துன்பம் என்று வருகிறது. அப்படிப்பட்ட ஒன்றுக்குக் குணத்தின் பெயரை வைக்கக் கூடாது.

என் பரிந்துரை ‘நொதுமல் நுகர்ச்சி’. திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் பகை, நொதுமல், நட்பு என்ற மூன்று பகுதி வரும். பகையும் இல்லாத நட்பும் இல்லாத அயலார் நொதுமலர். நாம் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிற நுகர்ச்சிக்கு இது அப்படியே பொருந்துகிறது. புதியவர்களுக்குக் கடினமாக இருக்கும் என்றால், முதல் நாள் ‘இரண்டுமற்றது’ என்று சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம்.

வேதனாவை உற்றுக் கவனிக்கும் பயிற்சியான வேதனானுபஸ்ஸனாவுக்கு ‘நுகர்ச்சி நோக்கல்’ சரிவருமா? நான்காவது கந்தமான சங்காரத்துக்கு (பாலியில் ‘சங்கார’; அழித்தல் என்ற பொருளில் அல்ல) காவியம் ஓரிடத்தில் செய்கை என்றும் இன்னோரிடத்தில் பாவனை என்றும் சொல்கிறது. பாவனை என்பது தியான வளர்ப்புக்கும் வேண்டியிருப்பதால் அதைத் தனி இழையில் பேசலாம். பாலி படித்தவர்களும், வகுப்பு எடுத்துப் பழகியவர்களும் நுகர்ச்சிக்கு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும்.